மலையில் மதியம் 2 மணி: வெயில் காட்டுற ஆப்பை ஏன் முழுசா நம்பக்கூடாது?

போன வருஷம் ஏப்ரலில் நாங்க நாலு பேர் பைக்கில் கொல்லிமலை போனோம். 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, சாப்பிட்டு, ஆகாய கங்கை அருவிக்கு இறங்கலாம்னு படிக்கட்டு பக்கம் வந்தப்போ மணி 2. ஆயிரத்துக்கும் மேல படிகள். வாசலில் இருந்த ஊழியர் எங்களை நிறுத்தினார். "தம்பி, அந்தப் பக்கம் பாருங்க, கருக்குது. இப்ப இறங்காதீங்க."

நான் போனை எடுத்து அவர்கிட்ட காட்டினேன். வெதர் ஆப்பில் மஞ்சளா ஒரு சூரியன். "மழை இல்லைன்னு போட்டிருக்குண்ணா." அவர் சிரிக்கக்கூட இல்லை. "அது உங்க போன் சொல்லுது. இறங்காதீங்க."

முணுமுணுத்துக்கிட்டே டீக்கடையில் உட்கார்ந்தோம். முக்கால் மணி நேரத்தில் இடி, மின்னல், எதிரில் நிக்கிற ஆள் தெரியாத அளவு மழை. அந்த நேரத்துக்கு நாங்க அருவிக்கு அடியில் நின்னிருப்போம். டேட்டா சொன்னா நம்புறதுதான் என் தொழில். அந்த டேட்டா எங்கே தப்பியது? அதுதான் இந்த எபிசோட்.

முதல்ல நம்ம ஊரிலிருந்து ஆரம்பிப்போம். நான் இருக்கிறது செங்கல்பட்டு. மார்ச் முதல் மே வரைக்கும் மதியம் மாமல்லபுரம் கடற்கரையில் நின்னா, திடீர்னு கடலிலிருந்து காற்று வர ஆரம்பிக்கும். அதே காற்று செங்கல்பட்டுக்கு வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆகும். காரணம் ரொம்ப சிம்பிள். கடலைவிட தரை சீக்கிரம் சூடாகுது, தரைக்கு மேல இருக்கிற காற்று மேலே எழும்புது, அந்த இடத்தை நிரப்பக் கடல் காற்று உள்ளே வருது.

மலையிலும் இதே கதைதான். காலை வெயில் சரிவில் விழுந்து தரை சூடாகுது. சரிவை ஒட்டியிருக்கிற காற்றும் சூடாகி மேல் நோக்கி ஏறுது. ஏற ஏற குளிரும்: மேகம் உருவாகும் வரைக்கும் 1 கி.மீ. உயரத்துக்குச் சுமார் 10 டிகிரி. காற்றில் ஈரம் இருந்தா மேகமாகுது, அந்த மேகம் வளர்ந்தா இடி மழை. சூடு சேர்ந்து மேகம் வளர நேரம் வேணும் இல்லையா? அதனால்தான் கோடை மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல வருது. காலை 7 மணிக்குப் பளிச்னு இருக்கிற வானம் 3 மணியைப் பத்தி எதுவும் சொல்லாது.

சரி, ஆப் ஏன் தப்புது? வானிலை மாடல்கள் பூமியைக் கட்டம் கட்டமா பிரிச்சுக் கணக்குப் போடுது. ஐரோப்பிய மாடலில் ஒரு கட்டம் சுமார் 9 கி.மீ., அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் மாடலில் சுமார் 13 கி.மீ. 2025 மே மாதம் இந்தியா அறிமுகப்படுத்திய பாரத் ஃபோர்காஸ்ட் சிஸ்டத்தில் 6 கி.மீ. இப்போ மேட்டுப்பாளையத்தையும் குன்னூரையும் எடுத்துக்கோங்க. நேர்கோட்டில் 20 கி.மீ.கூட இல்லை, ஆனா உயர வித்தியாசம் சுமார் 1,500 மீட்டர். அந்தச் சரிவு முழுக்க ரெண்டு மூணு கட்டத்தில் அடங்கிடும். ஒரு கட்டத்துக்கு ஒரே சராசரி உயரம். நம்ம தலைக்கு மேல வளர்ற மேகமோ சில கி.மீ. அகலம்தான். போட்டோவை நாலு பிக்சலுக்குச் சுருக்கிட்டு அதில் நம்ம முகத்தைத் தேடுற மாதிரி இது.

இன்னொரு விஷயம். மதியம் சரிவில் ஏறுற அந்தக் காற்று, மழை இல்லாத நாளிலும் ஆபத்துதான். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் இறங்கிக்கிட்டிருந்த ட்ரெக்கிங் குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கினாங்க. சென்னை, ஈரோடு பக்கமிருந்து போனவங்க, நிறைய பேர் நம்ம வயசு. 20க்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. காய்ந்த புல், சரிவு, காற்று மூணும் சேர்ந்தா தீயை ஓடி ஜெயிக்க முடியாது. சரிவு 10 டிகிரி கூடினா, மேல் நோக்கிப் போற தீயின் வேகம் சுமார் ரெண்டு மடங்காகும்னு தீயணைப்பில் ஒரு கணக்கு உண்டு. தீக்காலத்தில் வனத்துறை பாதையை மூடினா, "ஒரு நாள்தானே"ன்னு வேற வழி தேடாதீங்க.

ஈரமான நாளின் ஆபத்து வேற மாதிரி. 2024 மே 17, பழைய குற்றாலம். மேலே மலையில் பெய்த மழை அருவியில் திடீர் வெள்ளமா இறங்கி, 17 வயசுப் பையன் ஒருத்தன் இறந்துபோனான். நீங்க நிக்கிற இடத்தில் மழை பெய்யணும்னு அவசியமே இல்லை.

அதனால் இப்போ நான் ஃபாலோ பண்றது இதுதான். விடியற்காலையில் கிளம்பணும். உச்சி தொட்டாலும் தொடாவிட்டாலும் 12 மணிக்குத் திரும்பணும். காலிஃபிளவர் மாதிரி மேகம் உயரமா வளர்ந்தா, அதுதான் எனக்கு அலர்ட். மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் 30 எண்ணுறதுக்குள்ள சத்தம் கேட்டா, மின்னல் 10 கி.மீ.க்குள்ள இருக்கு. உடனே கட்டிடத்துக்குள்ளயோ மூடின காருக்குள்ளயோ போயிடணும். தனி மரத்தடி வேண்டாம். பைக் பாதுகாப்பு தராது. அருவித் தண்ணி கலங்கினாலோ, குச்சியும் இலையும் அடிச்சுக்கிட்டு வந்தாலோ, அந்த நொடியே மேட்டுக்கு ஏறணும். புனே வெப்பமண்டல வானிலை நிறுவனத்தின் தாமினி ஆப் பக்கத்தில் விழுற மின்னலைக் காட்டும். ஆனா மலையில் சிக்னல் இருக்கும்னு நம்பிப் போகாதீங்க.

எல்லாத்துக்கும் மேல, அங்கேயே இருக்கிறவங்க சொன்னா கேளுங்க. அந்த அண்ணன் தினமும் அதே வானத்தை அதே இடத்தில் நின்னு பார்க்கிறவர். என் ஆப்புக்கு அந்த இடம் ஒரு கட்டத்தின் மூலை. மழை விட்டதும் நன்றி சொல்லப் போனேன். "நாளைக்குக் காலையில் 8 மணிக்கு வாங்க தம்பி, நல்லா இருக்கும்"னார். போனோம். நல்லாத்தான் இருந்துச்சு.

இந்தக் கோடையில் மலைக்குப் பிளான் போடுற ஃப்ரெண்டுக்கு இதை அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.