ஹெர்ரிங் மீனும் மிளகுப் பொட்டலமும்

இரவுப் பணி முடிந்து நேராக வந்து உட்கார்ந்திருக்கிறேன், குரல் கரகரத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஓவியங்களில் வரும் உணவு எப்படி ஒரு நாட்டின் அடையாளமாகிறது என்று பேசச் சொன்னார்கள். நான் கலை வரலாறு படித்தவள் இல்லை, நர்சிங் டிப்ளமோக்காரி. அதனால் நான் வேலை பார்க்கும் நெதர்லாந்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

எங்கள் முதியோர் இல்லத்தில் ஒரு தாத்தா இருந்தார். மறதி நோய். ஸ்பூனைக் கொண்டுபோனாலே வாயை இறுக மூடிக்கொள்வார். ஓர் அக்டோபர் 3 அன்று அவர் மகள் வெள்ளை ரொட்டியும் ஹெர்ரிங் மீனும் கொண்டுவந்தார். தாத்தா தானே கை நீட்டினார். அவர் லைடன் நகரத்துக்காரர்.

1574இல் லைடனை ஸ்பானியப் படை மாதக்கணக்கில் முற்றுகையிட்டது. பசியிலும் கொள்ளைநோயிலும் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். கடைசியில் நெதர்லாந்துக்காரர்கள் தங்கள் அணைக்கரைகளைத் தாங்களே வெட்டி, வயல்களுக்குள் தண்ணீரை விட்டு, அதன்மேல் படகு ஓட்டி வந்து நகரை மீட்டார்கள். படகில் வந்த உணவுதான் ஹெர்ரிங்கும் வெள்ளை ரொட்டியும். இன்றும் அக்டோபர் 3 அன்று அந்த ஊரில் அவற்றை வழங்குகிறார்கள்.

லைடனில் பிறந்த ஓட்டோ ஃபான் வேன் அந்தக் காட்சியை வரைந்திருக்கிறார். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கிறது. ஐந்து அப்பமும் இரண்டு மீனும் கேட்டு வளர்ந்த எனக்கு அதைப் பார்த்தால் வேறென்ன நினைவுக்கு வரும்? ஆனால் அடுத்த நொடியே நர்ஸ் புத்தி வந்துவிடும். நெடுநாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. "மெதுவாக, மெதுவாக" என்று படத்துக்குள் இருப்பவர்களிடம் சொல்லத் தோன்றும்.

அறுபது ஆண்டு கழித்து, 1636இல், ஹார்லெம் ஓவியர் பீட்டர் கிளாஸ் ஒரு மேசையை வரைகிறார். ஒரு ஹெர்ரிங், ஒரு ரொட்டி, ஒரு கிளாஸ் பீர். அரசன் இல்லை, கொடி இல்லை. ஸ்பெயினோடு போர் அப்போதும் முடியவில்லை, 1648இல்தான் முடிந்தது. எங்களுக்கு இது போதும் என்று அந்த எளிய மேசை சொல்வதாகவே எனக்குப் படுகிறது.

இதே கிளாஸ் 1627இல் வரைந்த படம் வேறு மாதிரி. மேசையில் வான்கோழிப் பை, சீனப் பீங்கான் கிண்ணம், பழைய பஞ்சாங்கத் தாளைச் சுருட்டிய ஒரு மிளகுப் பொட்டலம். நம் மளிகைக் கடைப் பொட்டலமேதான்! அந்த மண்ணில் மிளகு விளையாது. 1602இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆசியாவிலிருந்து மிளகைக் கப்பலில் கொண்டுவந்து குவித்துக்கொண்டிருந்த காலம் அது. பிழைத்தோம் என்கிறது ஹெர்ரிங், எங்கும் போய்விட்டோம் என்கிறது மிளகு.

நம் பக்கமும் வந்தார்கள். 1658இல் யாழ்ப்பாணமும் நாகப்பட்டினமும் அவர்கள் கைக்குப் போயின. அடுத்த ஆண்டே தஞ்சைப் பகுதியில் பெரும் பஞ்சம். பசியில் விற்கப்பட்ட ஆயிரக்கணக்கானோரை அந்தக் கம்பெனி அடிமைகளாக வாங்கியது, பெரும்பாலோரை இலங்கைக்கு அனுப்பியது. தங்கள் பசியை இன்றுவரை மறக்காத ஒரு நாட்டின் கம்பெனி இதைச் செய்தது என்பதை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. அந்தப் பசியை வரைந்த படம் எதையும் நான் இதுவரை எந்த அருங்காட்சியகத்திலும் பார்த்ததில்லை.

தாத்தா அன்று இன்னொரு துண்டு மீன் கேட்டார். விழுங்கச் சிரமப்படுவார் என்று பொடியாக நறுக்கிக் கொடுத்தேன். கேள்விகள் இருந்தால் கேளுங்கள், பிறகு நான் தூங்கப் போக வேண்டும்.