பத்து மடங்கு தொலைவு, நான்கு மடங்கு நேரம்

திருச்சியிலிருந்து சென்னைக்கு வான்வழி நேர்த்தொலைவு ஏறத்தாழ 295 கி.மீ.; சிங்கப்பூருக்கு ஏறத்தாழ 2,980 கி.மீ. தொலைவு பத்து மடங்கு. ஆனால், பயண நேரம் சென்னைக்கு ஒரு மணி என்றால், சிங்கப்பூருக்கு நாலேகால் மணி அளவுதான்.

விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகரத் தொடங்குவது முதல் மறுமுனையில் வந்து நிற்பது வரையிலான நேரத்தையே கால அட்டவணை காட்டுகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லவும், மேலேறவும், தரையிறங்க முறை வரும்வரை வட்டமிடவும் ஆகும் நேரம் குறுகிய பயணத்துக்கும் நீண்ட பயணத்துக்கும் ஏறக்குறைய ஒன்றே. போதாக்குறைக்கு, குறுந்தொலைவில் பெரும்பாலும் பறக்கும் ஏடிஆர் விமானத்தின் வேகம் மணிக்கு 500 கி.மீ. அளவு, ஜெட் விமானம் 800-ஐத் தாண்டும்.

(இரவு 1 மணிக்குத் திருச்சியில் ஏறுபவர் சிங்கப்பூரில் இறங்கும்போது அங்கே காலை 7.45. இரண்டரை மணி நேரம் கடிகார வேறுபாடு. திரும்பும்போது அது கைக்கு வந்துவிடும்.)

நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலேறி ஏறத்தாழ ஒரு வாரம் கடலில் கழித்த தலைமுறைக்கு நாலேகால் மணி நேரம் என்பது நம்ப முடியாத லாபம். காரைக்குடியிலிருந்து சென்னை செல்பவரின் கணக்கு வேறு. திருச்சிக்குச் சாலையில் 2 மணி, நிலையத்தில் காத்திருப்பு ஒன்றரை மணி, பறக்க 1 மணி, மீனம்பாக்கத்தில் வெளியேறி நகருக்குள் சென்றுசேர ஒன்றேகால் மணி. ஆக, ஐந்தே முக்கால் மணி. பல்லவன் விரைவு ரயில் ஏறத்தாழ 7 மணி நேரத்தில் எழும்பூரில் இறக்கிவிடுகிறது, கட்டணமோ மிகக் குறைவு.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் செட்டிநாட்டில் அமைக்கப்பட்ட ஓடுதளத்துக்கு உயிரூட்ட வேண்டும் என்ற கோரிக்கையை இந்தக் கணக்கோடு வைத்துப் பார்க்க வேண்டும். அங்கிருந்து விமானம் கிளம்பினால் ஒன்றரை மணி நேரச் சாலைப் பயணம் மிச்சம்தான். ஆனால், நாளுக்கு ஒரே விமானம் என்றால், அதன் நேரம் நமக்கு ஒத்துவராதபோது காத்திருப்பில் அந்த மிச்சம் கரைந்துவிடும். பயணச் செலவைக் கணக்கிடும் பொருளியலாளர்கள் காத்திருப்பையும் செலவாகவே எழுதுவார்கள். உடான் திட்டத்தில் 2018-இல் தொடங்கிய சேலம் - சென்னை சேவை 2021-இல் நின்று, 2023 அக்டோபரில்தான் மீண்டது. செட்டிநாட்டைவிடப் பெரிய வணிக நகரத்தின் நிலை அது.

ஆகவே, என் தேர்வு திருச்சிதான். அந்த விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையில், காரைக்குடிப் பேருந்துகள் செல்லும் வழியிலேயே இருக்கிறது. சிங்கப்பூர், கோலாலம்பூர் விமான நேரங்களையொட்டி, பின்னிரவிலும் சில பேருந்துகள் முனையத்துக்குள்ளேயே வந்து நின்று காரைக்குடிக்குக் கிளம்பட்டும். இதற்கு நிலம் எடுக்க வேண்டியதில்லை. ஓடுபாதை போட வேண்டியதில்லை. நாலேகால் மணி நேரத்தில் கடல் கடந்து வந்தவர், கடைசி 90 கி.மீ.க்கு வாடகைக் காரை மட்டுமே நம்பியிருக்க வேண்டியதுமில்லை.