கோடை பண்பலையும் நம்ம பாட்காஸ்ட்டும்: கேட்கிறவர் ஏன் பாதியில் ஓடுகிறார்?

திண்டுக்கல், தேனி, மதுரைப் பக்கம் பஸ்ஸில் போனவர்களிடம் 100.5 என்று சொன்னால் போதும், "கோடை பண்பலையா?" என்று கேட்பார்கள். அகில இந்திய வானொலி கொடைக்கானலில் பண்பலை நிலையம் வைத்ததில் ஒரு கணக்கு இருக்கிறது. பண்பலை அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். கோபுரத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால், அலை எட்டக்கூடிய தூரம் கிலோமீட்டரில் தோராயமாகக் கிடைக்கும். சமவெளியில் 100 மீட்டர் கோபுரத்துக்கு 41 கி.மீ. கொடைக்கானலின் உயரமான 2100 மீட்டருக்கு 189 கி.மீ. நடுவில் வேறு மலை மறைத்தால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

இதில் கவனிக்க வேண்டியது, சிரமம் முழுவதும் நிலையத்தின் தலையில். கேட்கிறவருக்கு ஒரு பழைய டிரான்சிஸ்டர் போதும். பாட்காஸ்ட்டில் கதை தலைகீழ். டேட்டா செலவு, பேட்டரி, சிக்னல் எல்லாம் கேட்கிறவர் பாடு. அதனால் நாம் செய்கிற சின்னத் தப்புக்கும் அவர்தான் விலை கொடுக்கிறார். இரண்டு நிமிடம் பொறுப்பார், அப்புறம் அடுத்த நிகழ்ச்சிக்குப் போய்விடுவார். அப்படி ஓட வைக்கிற தப்புகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் அறை. விலை உயர்ந்த மைக் வாங்கிவிட்டு, கண்ணாடி ஜன்னலும் டைல்ஸ் தரையுமாக இருக்கிற அறையில் உட்கார்ந்து பேசினால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரிதான் கேட்கும். மைக்கிலிருந்து வாய் இருக்கும் தூரம் இரண்டு மடங்கானால் நேரடிக் குரல் 6 டெசிபல் குறைகிறது. சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி அப்படியே இருக்கிறது. ஆகவே மைக்கை ஒரு சாண் தூரத்தில் வையுங்கள், சுற்றி நாலு கம்பளியைத் தொங்கவிடுங்கள். மலையில் கம்பளிக்கா பஞ்சம்! தகரக் கூரையில் மழை அடித்தால் நிற்கும்வரை காத்திருப்பதே நல்லது.

"சத்தத்தை அப்புறம் சாஃப்ட்வேரில் எடுத்துக்கலாம்" என்பது இரண்டாவது தப்பு. இரைச்சல் நீக்கியை அளவுக்கு மேல் போட்டால் அது குரலையும் சேர்த்துச் சுரண்டிவிடும். ச, ஸ போன்ற ஒலிகளின் பலம் பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. பழைய பாணி தொலைபேசி இணைப்பு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். விருந்தினரைச் சாதாரண ஃபோன் காலில் பேச வைத்துப் பதிவு செய்தால் அந்த ஒலிகள் மழுங்கிப் போவது இதனால்தான். அவரவர் கைபேசியில் அவரவர் குரலைப் பதிந்து ஃபைலை அனுப்பச் சொன்னால் பாதி பிரச்சனை தீர்ந்தது.

மூன்றாவது, ஒலி அளவு. தொடக்க இசை காதைக் கிழிக்கும், விருந்தினர் முணுமுணுப்பார். கேட்கிறவர் வால்யூம் பட்டனிலேயே விரலை வைத்திருக்க வேண்டியதுதான். இதற்கு லஃப்ஸ் என்று ஓர் அளவீடு இருக்கிறது. அலையின் உச்சத்தை விட்டுவிட்டு, காதுக்கு எவ்வளவு சத்தமாகத் தெரிகிறது என்பதை அது அளக்கிறது. ஆப்பிள் பரிந்துரைப்பது -16 லஃப்ஸ். இலவசமான ஆடாசிட்டியிலேயே இதற்கு வசதி உண்டு. ஆனால் முதலில் ஒவ்வொருவர் குரலையும் தனித்தனியாகச் சமன் செய்துவிட்டு, கடைசியில் மொத்தத்துக்கும் போடுங்கள். இன்னொன்று: ஒருவர் குரல் இடது காதிலும் மற்றவர் குரல் வலது காதிலும் வருகிற மாதிரி வெளியிடாதீர்கள். பஸ்ஸில் ஒரே காதில் இயர்ஃபோன் மாட்டியவருக்குக் கேள்வி மட்டும் கேட்கும், பதில் வராது.

நான்காவது, ஃபைல் அளவு. கணக்கு சுலபம்: கிலோபிட் வேகத்தை விநாடிகளால் பெருக்கி 8ஆல் வகுத்தால் கிலோபைட். ஒரு மணி நேரப் பேச்சை 192 கிலோபிட் ஸ்டீரியோவில் வைத்தால் 86.4 எம்.பி. அதையே 64 கிலோபிட் மோனோவில் வைத்தால் 28.8 எம்.பி. வெறும் பேச்சுக்கு இதுவே தாராளம்.

இங்கேதான் ஹோஸ்டிங் வருகிறது. பூம்பாறை, மன்னவனூர் போகும் மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு சிக்னல் அறுந்து போகலாம். அறுந்த இணைப்பு திரும்பி வந்ததும் பிளேயர், "இத்தனையாவது பைட்டிலிருந்து கொடு" என்று சர்வரிடம் கேட்கும். சர்வருக்கு அது புரிந்தால் 206 என்று பதில் சொல்லி, விட்ட இடத்திலிருந்து தரும். புரியாத சர்வர் 200 என்று சொல்லி முதலிலிருந்தே முழுசாக அனுப்பும். கேட்பவர் டேட்டாவும் போச்சு, பொறுமையும் போச்சு. உங்கள் சர்வரின் பதிலில் 'ஆக்செப்ட்-ரேஞ்சஸ்: பைட்ஸ்' என்ற வரி வருகிறதா என்று ஒருமுறை சரிபாருங்கள்.

ஐந்தாவது, முகவரி. பாட்காஸ்ட்டின் உயிர் அதன் ஆர்.எஸ்.எஸ் ஓடையில் இருக்கிறது. 2024ல் கூகுள் பாட்காஸ்ட்ஸ் மூடப்பட்டபோது, சொந்த ஓடை வைத்திருந்தவர்களின் நிகழ்ச்சி மற்ற செயலிகளில் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஹோஸ்டிங் மாற்றினால் பழைய முகவரியிலிருந்து புதியதற்கு 301 திருப்பிவிடல் கட்டாயம் வையுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் உள்ள ஜி.யு.ஐ.டி அடையாளத்தை மட்டும் மாற்றவே கூடாது. மாற்றினால் செயலி எல்லாவற்றையும் புதுசு என்று நினைத்து, பழைய 50 பகுதிகளையும் திரும்ப இறக்க ஆரம்பித்துவிடும்.

கடைசியாகச் சொல்வதுதான் முக்கியமானது. கேட்பவர் ஓடிப்போனால் மறுபடி வரவழைக்கலாம். ஆனால் பழனி மலையின் பளியர் முதியவர் ஒருவர் தேன் எடுக்கும் முறையைச் சொல்லி நீங்கள் பதிந்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். ஹோஸ்டிங் சந்தா கட்டாமல் அந்த ஃபைல் அழிந்தால் அவரை மறுபடி எங்கே தேடுவது? சுருக்காத மூலப் பதிவு ஒரு மணி நேரத்துக்கு (மோனோ, 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட்) சுமார் 317 எம்.பி.தான். இரண்டு வேறு இடங்களில் நகல் வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு முன்மாதிரியும் அதே ஊரில்தான் இருக்கிறது. 1899ல் தொடங்கிய கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1904 முதல் எடுத்த சூரியப் படத் தகடுகளைப் பத்திரமாக வைத்திருந்தது. பிற்பாடு அவற்றை டிஜிட்டலாக்கினார்கள். நூறாண்டு சூரியனை இன்றைய ஆய்வாளர்கள் அதில் பார்க்கிறார்கள். தகடு எடுத்தவர்களுக்குக் கணினி என்றால் என்னவென்றே தெரியாது. மூலத்தை ஒழுங்காகப் பதிந்து, தேதி எழுதி, பெட்டியில் வைத்தார்கள். நாமும் ஃபைல் பெயரில் தேதி, ஊர், பேசியவர் பெயர் மூன்றையும் எழுதி வைப்போம்.