மழையை முந்தும் திராட்சை

விடிகாலையில் வானம் கறுத்தால், பால்மரம் வெட்டுகிறவர் முகமும் வாடிப்போகும். மங்கில் சேர்ந்த பால் மழைநீரோடு வழிந்துவிட்டால் அன்றைய பாடு வீண். ஆஸ்திரேலியாவின் ஹன்டர் பள்ளத்தாக்கில் திராட்சை பயிரிடுவோருக்கும் இதே கவலைதான். ஆனால், அங்கே மழையில் போவது ஒரு நாள் கூலியன்று; ஓர் ஆண்டு விளைச்சல்!

சிட்னி நகருக்கு வடக்கே ஏறக்குறைய 160 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது இந்தப் பள்ளத்தாக்கு. ஜேம்ஸ் பஸ்பி என்பவர் ஸ்பெயினிலும் பிரான்சிலும் திரட்டிய திராட்சைக் கொடித் துண்டுகள் 1832இல் சிட்னிக்கு வந்தன. அவற்றுள் சில இங்கும் வேர்விட்டன.

பழுக்கும் பருவத்தில் வறண்ட வானிலையே திராட்சைக்கு நல்லது. இங்கோ கதை வேறு. ஜனவரி, பிப்ரவரிதான் அங்கே கோடை. பழம் முதிரும் அந்த வேளையில் வெயிலும் கொளுத்தும், மழையும் கொட்டும். பழம் நீரை உறிஞ்சி உப்பி வெடிக்கும். வெடித்த இடத்தில் பூஞ்சணம் பிடித்துக் குலையே அழுகிப்போகும்.

காத்திருந்தால் பழத்தில் இனிப்பு ஏறும். அதற்குள் மழை வந்துவிட்டால்? இந்தச் சிக்கலுக்கு அவர்கள் கண்ட வழி, செமியோன் என்னும் வெள்ளைத் திராட்சையை இனிப்பு முழுதும் ஏறுமுன்பே பறித்துவிடுவது. வெயில் பட்டால் பழம் சூடேறிச் சாறு கெடும் என்பதால், விடியலிலே கையாலோ இரவில் இயந்திரத்தாலோ பறிக்கிறார்கள்.

ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சாற்றின் சர்க்கரையைச் சாராயச் சத்தாக மாற்றுகிறது. இனிப்புக் குறைவு என்பதால் இந்த ஒயினில் அச்சத்து 10, 11 விழுக்காடுதான். புதிதில் எலுமிச்சைபோலப் புளிக்கும். புட்டியில் பத்தாண்டு கிடந்தாலோ, தேனும் சுட்ட ரொட்டியும் கலந்தாற்போல மணக்கும்! மழைக்கு அஞ்சிச் செய்த காரியமே ஊருக்குப் பேர் வாங்கித் தந்தது.

மழையை முந்தலாம்; புகையை முந்த முடியுமா? 2019 இறுதியில் மூண்ட காட்டுத் தீயின் புகை வாரக்கணக்கில் பள்ளத்தாக்கைச் சூழ்ந்தது. புகைமூட்டம் நமக்குப் புதிதன்று. கண் எரியும், தொண்டை கரகரக்கும். திராட்சையிலோ புகை தோலுக்குள் இறங்கிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாது, ஒயினானபின் சாம்பல் சுவை அடிக்கும். தோலோடு நொதிக்கவைக்கும் சிவப்பு ஒயினுக்கே பாதிப்பு அதிகம். பலர் கொஞ்சம் பழத்தை முன்கூட்டியே பறித்து, வாளியில் நொதிக்கவைத்துச் சுவைத்துப் பார்த்தார்கள். அதன்பின் 2020 விளைச்சலின் பெரும் பகுதியைப் பறிக்காமலே கொடியில் விட்டவர்களும் உண்டு.

நல்லவேளையாக, அந்தப் புகைவாடை அடுத்த ஆண்டுப் பழத்துக்குத் தொடர்வதில்லை. பழத்தை இழந்தவர்களும் அந்தக் குளிர்காலத்தில் கத்தரியோடு தோட்டத்தில் இறங்கினார்கள். கொடியைக் கவாத்து செய்தால்தானே மறு ஆண்டு குலை தள்ளும்!