காலில் வலி வந்தால் நடையை நிறுத்தலாமா?

நம் ஊரில் நெசவாளர்கள் தறிக்குழியில் உட்கார்ந்திருந்தாலும், அவர்கள் கால்கள் மிதிபலகையில் இயங்கிக்கொண்டே இருக்கின்றன. வியாபாரிகளாகிய நமக்கு அதுவும் இல்லை. காலையில் கல்லாவில் உட்கார்ந்தால் இரவு கணக்கு முடித்துத்தான் எழுந்திருக்கிறோம். ஐம்பதைத் தாண்டியவர்கள் சிலர், "காந்தி ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்ததும் ஆடுசதை இறுக்கிப் பிடிக்கிறது, நின்றால் சில நிமிடத்தில் விட்டுவிடுகிறது" என்கிறார்கள். வயசு, வாதம் என்று தைலம் தடவிக்கொண்டு நடையைக் குறைத்துவிடுகிறார்கள். இது காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனியில் கொழுப்புப் படிந்து அடைபட்டதன் அறிகுறியாக இருக்கக்கூடும். டாக்டர்கள் இதைப் புறத் தமனி நோய் என்கிறார்கள்.

புகையிலையும் நீரிழிவும் இதற்கு முக்கியக் காரணங்கள். சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவுப்படி, நீரிழிவு உள்ளவர்களில் நூற்றுக்குச் சுமார் 6 பேருக்கும், சர்க்கரை அளவு சரியாக உள்ளவர்களில் சுமார் 3 பேருக்கும் இந்நோய் இருந்தது. காலில் அடைப்பு உள்ளவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாத அபாயமும் அதிகம். கையிலும் கணுக்காலிலும் இரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிட்டே இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

தமனி அடைபட்டால் தசைச் செல்களுக்கு என்ன நேர்கிறது? ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணிய அடுப்புகள் உள்ளன. பிராணவாயுவைக் கொண்டு சர்க்கரையையும் கொழுப்பையும் எரித்துச் சக்தி தருவது இவற்றின் வேலை. இரத்தம் போதாதபோது இவை சரியாக எரிவதில்லை. பாதி எரிந்த கழிவு செல்லில் தேங்குகிறது. நடையைக் குறைத்தால் தசை மெலிந்து, இருக்கிற சக்தியும் போய்விடுகிறது.

முறையாக நடந்தால் பெரிய தமனியின் அடைப்பு கரைந்துவிடாது. ஆனால் தசையில் தந்துகிகள் என்னும் மிக மெல்லிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. கிடங்கிலிருந்து வரும் சரக்கு கூடாவிட்டாலும், தெருவுக்குத் தெரு சில்லறைக் கடை இருந்தால் வீட்டுக்கு வீடு பொருள் போய்ச் சேருமல்லவா? அதுபோலத்தான் இதுவும். தேங்கிய கழிவும் குறைகிறது. இரத்தக் குழாயின் உட்சுவர்ச் செல்கள் நைட்ரிக் ஆக்சைடு என்ற பொருளை அதிகம் சுரந்து குழாயைத் தளர்த்துகின்றன. இந்தப் பொருளின் வேலையைக் கண்டறிந்த மூவருக்கு 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது.

எவ்வளவு நடப்பது? வலி வரும்வரை நடந்து, அது ஓரளவு கூடியதும் நின்று, வலி தீர்ந்ததும் மீண்டும் நடக்க வேண்டும். இப்படி ஒரு வேளைக்கு 30 முதல் 45 நிமிடம், வாரம் 3 நாளாவது, குறைந்தது 12 வாரம் செய்ய வேண்டும். அமெரிக்காவில் இந்நோயாளிகள் 305 பேரை 12 மாதம் கவனித்து 2021-இல் வெளியிட்ட ஆய்வில், வலி வரும் வேகத்தில் நடந்தவர்களுக்கே நடை தூரம் கூடியது. வலி வராமல் மெதுவாக நடந்தவர்களுக்குப் பலன் தெரியவில்லை. ஆகவே இந்த வலியைக் கண்டு பயந்து ஒதுங்குவது நமக்கே நஷ்டம்.

எனினும் டாக்டரிடம் காட்டி, இதயத்தையும் சோதித்த பிறகே தொடங்க வேண்டும். படுத்திருக்கும்போதும் பாதம் வலித்தால், புண் ஆறாவிட்டால், விரல் கறுத்தால், நடைப் பயிற்சி என்று நாள் கடத்தாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தாமதித்தால் காலையே இழக்க நேரும். நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள், வெயில் ஏறிய கோயில் பிராகாரக் கல்லில் வெறுங்காலோடு சுற்றக் கூடாது. அதிகாலையிலேயே தரிசனத்தை முடித்துக்கொள்ளலாம். பீடி, சிகரெட்டை விட்டால்தான் நடையும் மருந்தும் முழுப் பலன் தரும்.

கடை திறக்குமுன் ராஜ வீதிகளில் நல்ல செருப்பணிந்து அரை மணி நேரம் நடக்கலாம். வலித்தால் திண்ணையில் உட்கார்ந்து எழுந்து நடக்கலாம். இதற்கு முதலீடு ஏதும் தேவையில்லை. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். நம் சங்கத்து அன்பர்கள் அனைவரும் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டுகிறோம்.