தோட்டத்துப் பெருச்சாளி: நஞ்சுக்கு முன் செய்ய வேண்டியவை

மழைக்காலம் தொடங்கும் நாள்களில், தனி வீடுகளில் குடியிருப்போர் பலர் காலையில் எழுந்ததும் காணும் காட்சி ஒன்று உண்டு. துவைக்கும் கல்லின் அருகிலோ மதில் ஓரத்திலோ புது மண் குவிந்து கிடக்கும். அதன் பக்கத்தில் ஒருவருடைய கை நுழையும் அளவுக்கு ஒரு வளை தெரியும். முதல் நாள் வரை நன்றாக இருந்த வாழையின் கிழங்கு குடையப்பட்டிருக்கும். பெருச்சாளி குடிவந்துவிட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இதைக் கண்டவுடன் நம்மில் பெரும்பாலோர் கடைக்குச் சென்று எலி மருந்து கேட்கிறோம். அந்த முதல் வேலை, கடைசி வேலையாக இருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. சில வேளைகளில் அதற்குத் தேவையே இராது.

பெருச்சாளியின் இயல்பு

நம் நாட்டில் இருவகைப் பெருச்சாளிகள் காணப்படுகின்றன. பெரிய வகை அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை எடை உள்ளது; வீட்டுத் தோட்டம், மாட்டுத் தொழுவம், சாக்கடை ஓரம் ஆகியவற்றில் வாழ்வது. சிறிய வகை வயல்களிலும் தானியக் கிடங்குகளிலும் மிகுதி. சினமுற்றால் இவ்விலங்கு முதுகு மயிரைச் சிலிர்த்துக்கொண்டு பன்றியைப் போல உறுமும். அதனாலேயே தெலுங்கில் இதற்குப் 'பந்திகொக்கு', அதாவது பன்றி எலி, என்று பெயர். ஆங்கிலத்தார் வழங்கும் 'பாண்டிகூட்' என்ற சொல் இதிலிருந்து பிறந்ததே. அதே பெயரைப் பின்னர் ஆஸ்திரேலியாவின் வேறொரு விலங்குக்கும் சூட்டிவிட்டனர்.

நீண்ட மூக்குடன் 'கீச் கீச்' என்று சுவரோரமாக ஓடும் மூஞ்சூறு வேறு, பெருச்சாளி வேறு. மூஞ்சூறு பூச்சிகளைத் தின்று நமக்கு நன்மை செய்வது. மதிலின் அடியைத் தோண்டாது. இரண்டையும் ஒன்றெனக் கருதி மூஞ்சூற்றைக் கொல்வது வீண் பழி.

பெருச்சாளி இரவில் இயங்குவது; மண்ணைத் தோண்டுவதில் வல்லது; நன்றாக நீந்தக் கூடியது. வளைக்குள் பல கிளைகளும் உணவைச் சேமிக்கும் அறைகளும் இருக்கும். உள்ளே இருக்கும்போது வாயிலை மண்ணால் அடைத்துக்கொள்வதும் உண்டு. ஏறத்தாழ மூன்று வாரச் சினைக்காலம். ஓர் ஈற்றில் ஆறேழு குட்டிகள் சாதாரணம். எனவே ஒன்றிரண்டைக் கொன்றுவிட்டு, உணவையும் இடத்தையும் அப்படியே விட்டுவைத்தால், சில வாரங்களில் அவ்விடம் மீண்டும் நிரம்பிவிடும். வாராக் கடனைத் தள்ளுபடி செய்துவிட்டு, அதே காரணத்துக்காக அதே இடத்தில் மறுபடியும் கடன் கொடுப்பது போன்றதே அது.

வளையின் மறுவாய்

சில ஆண்டுகளுக்கு முன் பணி மாறுதலில் ஐதராபாத் சென்ற நாம், கீழ்த்தளத்தில் ஒரு வாடகை வீட்டில் குடியிருந்தோம். பின்புறம் ஒரு கொய்யா மரமும் துவைக்கும் கல்லும் இருந்தன. கல்லின் பக்கத்தில் வளை தோன்றியது. அருகில் இருந்த கடையொன்றில் கேட்டபோது, எந்த விசாரணையும் இன்றி மாத்திரைகள் அடங்கிய ஒரு சிறு குழலை எடுத்துக் கொடுத்தனர். வளைக்குள் இரண்டைப் போட்டு ஈர மண்ணால் மூடிவிட்டால் வேலை முடிந்தது என்றும் கூறினர்.

அக்குழலுடன் நின்றபோது, மாடியில் குடியிருந்த வீட்டுக்கார அம்மையார் பார்த்துவிட்டார். "பந்திகொக்கு வளைக்கு ஒரே வாய் இருக்காது, பாபு. இன்னொரு வாய் எங்கே என்று தேடினீர்களா?" என்று தெலுங்கில் கேட்டார். இன்று மாலை இதைத் தளர்ந்த மண்ணால் மூடுங்கள், காலையில் எங்கே திறக்கிறது என்று பாருங்கள் என்றார்.

மறுநாள் காலையில் கல்லருகே மூடிய மண் கலையாமல் இருந்தது. ஆனால் குளியலறைக் குழாய் சுவரை விட்டு வெளிவரும் இடத்தில் புதிய மண் கிடந்தது. குழாயைச் சுற்றி நான்கு விரல் அகலத்துக்குப் பூசப்படாத இடைவெளி. அச்சுவரின் மறுபக்கம் படுக்கையறை. தரையில் பாய் விரித்து நம் குழந்தைகள் உறங்கும் இடம் அந்தச் சுவரை ஒட்டியே இருந்தது. குழலைத் திறக்காமலே கடையில் திருப்பிக் கொடுத்தோம்.

அம்மாத்திரை அலுமினியம் பாஸ்பைடு. தானியக் கிடங்குகளில் பூச்சிகளை அழிப்பதற்கென்று உள்ளது. ஈரம் பட்டவுடன் பாஸ்பீன் என்னும் நச்சு வாயுவை வெளியிடும். அவ்வாயு வளை, வெடிப்பு, குழாய் இடைவெளி ஆகியவற்றின் வழியே எங்கும் பரவும். இதற்கு முறிமருந்து கிடையாது. அரசு நிறுவனங்களுக்கும், அங்கீகாரம் பெற்ற நிபுணர்களின் மேற்பார்வையில் செயல்படும் பூச்சிக் கட்டுப்பாட்டாளர்களுக்கும் மட்டுமே இதை விற்கலாம் என்பது விதி. ஆயினும் சில்லறைக் கடைகளில் கிடைக்கிறது. 2024 நவம்பரில் சென்னைப் புறநகரில், எலி மருந்து வைக்கப்பட்ட வீட்டில் இரவு உறங்கிய இரு குழந்தைகள் இறந்த செய்தியை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அச்செய்தியைப் படித்த அன்று, அந்தக் குளியலறைக் குழாய் நம் நினைவுக்கு வந்தது.

முதல் வேலை: கணக்கெடுப்பு

எனவே முதலில் செய்ய வேண்டியது கணக்கெடுப்பு. மாலையில் தோட்டம் முழுவதும் நடந்து, காணும் வளைகள் அனைத்தையும் தளர்ந்த மண்ணால் மூடுங்கள். மறுநாள் காலையில் எவை திறந்திருக்கின்றனவோ அவையே நடமாட்டம் உள்ள வளைகள். வேளாண் அலுவலர்கள் வயல்களில் பின்பற்றும் முறையும் இதுவே.

வீட்டைச் சுற்றியுள்ள சிமெண்டுத் தளத்தை ஒரு கழியால் தட்டிப் பாருங்கள். உள்ளே மண் இல்லாத இடம் வெற்றுப் பானையைப் போல ஒலிக்கும். அத்தகைய இடத்தில் மழைநீர் இறங்கினால் எஞ்சிய மண்ணும் கரைந்து, தளம் அமிழும். மதில் சாயவும் கூடும். கழிவுநீர்த் தொட்டியின் மூடி விளிம்பு, நிலத்தடி நீர்த்தொட்டியின் மூடி, குழாய்கள் சுவருக்குள் நுழையும் இடங்கள் ஆகியவற்றைத் தவறாமல் பாருங்கள்.

இரண்டாம் வேலை: வரவை நிறுத்துதல்

பெருச்சாளி நம் தோட்டத்துக்கு வருவது உணவுக்காக. அந்த வரவை நிறுத்துவதே பாதி வெற்றி.

1. சமையற் கழிவுகளை இறுக மூடும் தொட்டியில் இடுங்கள். திறந்த எருக்குழியில் சோறும் மீன் கழிவும் சேரக் கூடாது.
2. உதிர்ந்த கொய்யா, மாம்பழம், தேங்காய்க் குரும்பை ஆகியவற்றை மாலைக்குள் பொறுக்கிவிடுங்கள்.
3. நாய், கோழி, புறா ஆகியவற்றுக்கு வைக்கும் தீனியின் மிச்சத்தை இரவில் விட்டுவைக்காதீர்கள்.
4. மதில் ஓரத்தில் குவித்த விறகு, உடைந்த ஓடு, பழைய பலகை ஆகியவை மறைவிடங்கள். அவற்றை அகற்றுங்கள், அல்லது தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்தி அடுக்குங்கள்.
5. சொட்டும் குழாயைச் சரிசெய்யுங்கள்.

இதில் அண்டை வீட்டாரின் ஒத்துழைப்பும் தேவை. நம் வீட்டுத் தொட்டி மட்டும் மூடியிருந்து, அடுத்த வீட்டுத் தொட்டி திறந்திருந்தால் பயன் குறைவு. குடியிருப்போர் நலச்சங்கம் உள்ள இடங்களில் இதைப் பொதுவில் பேசி முடிவெடுப்பது நல்லது.

மூன்றாம் வேலை: பொறியும் அடைப்பும்

வளைகளை அடைக்கும் முன், உள்ளிருப்பதைப் பிடிக்க வேண்டும். சாதாரண எலிப்பொறி பெருச்சாளிக்குச் சிறியது. உறுதியான கம்பிக் கூண்டு தேவை. இவ்விலங்குக்குப் புதிய பொருளின்மேல் ஐயம் மிகுதி. ஆகவே முதல் இரண்டு மூன்று இரவுகள் கதவு விழாதபடி கட்டிவைத்து, சுட்ட தேங்காய்த் துண்டோ கருவாடோ வைத்து உண்ணப் பழக்குங்கள். அதன் பின்னரே பொறியை இயக்குங்கள். கூண்டைச் சுவரை ஒட்டி, நடமாட்டம் உள்ள தடத்தில் வைப்பது முறை. அகப்பட்டதை வெறுங்கையால் தொடக் கூடாது. தொலைவில் கொண்டுபோய் விடுவது நம் தொல்லையை இன்னொருவர் வாசலில் இறக்குவதாகும். உள்ளாட்சி அமைப்பின் சுகாதாரப் பிரிவை அணுகுங்கள். மும்பை மாநகராட்சி இரவில் எலி பிடிப்பதற்கென்றே ஊழியர்களை வைத்துள்ளது.

பிள்ளையாரின் ஊர்தி என்பதால் கொல்ல மனமில்லாதோர் பலர். அவர்களும், கொல்வது தவறில்லை என்போரும், பசை அட்டையைத் தவிர்க்க வேண்டும். அதில் ஒட்டிய உயிர் பல மணி நேரம் துடித்தே சாகும். ஓணானும் சிறு பறவைகளும் கூட அதில் சிக்கும். இந்திய விலங்கு நல வாரியமும் அதற்கு எதிராக மாநிலங்களுக்கு அறிவுறுத்தியுள்ளது.

நடமாட்டம் நின்றது உறுதியானதும் வளைகளை உடைகல், செங்கல் சில்லு ஆகியவற்றால் நிரப்பிச் சிமெண்டுக் கலவையால் மூடுங்கள். வெறும் மண் போதாது. குழாய்களைச் சுற்றிய இடைவெளியைப் பூசுங்கள். சாக்கடை வாயில்களுக்கு இரும்பு வலை இடுங்கள். மீண்டும் மீண்டும் தோண்டப்படும் மதில் ஓரத்தில், இரண்டடி ஆழத்துக்குத் துத்தநாகம் பூசிய கம்பி வலையைப் புதைத்து, அதன் அடிப்பகுதியை வெளிப்புறமாக மடித்துவிட்டால் தோண்டும் விலங்கு அதில் முட்டித் திரும்பும்.

கூகை, கீரி, சாரைப்பாம்பு ஆகியவை இத்தொல்லையைக் குறைப்பவை. அவற்றை விரட்டாமல் இருப்பதும் ஒரு தடுப்பே.

நஞ்சு வேண்டியிருந்தால்

இவ்வளவுக்குப் பின்னும் தொல்லை நீடித்தால், உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளரை அழையுங்கள். அவர் என்ன மருந்தைப் பயன்படுத்துகிறார், எங்கே வைக்கிறார், எத்தனை நாள் கழித்து எடுப்பார் என்பவற்றை எழுத்தில் பெறுங்கள். வாயு வெளியிடும் மாத்திரையை வீட்டை ஒட்டிய வளையில் இட எக்காரணத்தாலும் இசையாதீர்கள். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசையும் அவ்வாறே கொடியது, கல்லீரலை அழிப்பது, முறிமருந்து அற்றது. குருதி உறைதலைத் தடுக்கும் புரோமாடியோலோன் வகைக் கட்டிகளுக்கு வைட்டமின் கே முறிமருந்தாக உள்ளது. ஆயினும் அவற்றையும் குழந்தைகளும் நாய்களும் எட்டாத மூடிய பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும். எவரேனும் தவறி உட்கொண்டால், அறிகுறி தோன்றும்வரை காத்திராமல், மருந்தின் உறையுடன் மருத்துவமனைக்கு விரையுங்கள்.

உடல்நலமும் உடைமையும்

எலிக்காய்ச்சல் என வழங்கும் லெப்டோஸ்பைரோசிஸ், எலி இனங்களின் சிறுநீர் கலந்த நீர் வழியே பரவுவது. 2005 சூலை 26 பெருமழைக்குப் பின் மும்பையிலும், 2018 வெள்ளத்துக்குப் பின் கேரளத்திலும் அந்நோய் பரவியது. வளை உள்ள தோட்டத்தில் மழைநீர் தேங்கியிருக்கும்போது வெறுங்காலுடன் நடக்க வேண்டாம். மண் வேலைக்குக் கையுறையும் காலணியும் தேவை. பின்னர் காய்ச்சலும் தசைவலியும் கண்டால், தேங்கிய நீரில் நடந்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வீட்டுக் காப்பீடு இருப்பதால் கவலை இல்லை என எண்ணுவோரும் உண்டு. 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசி, தீ, மின்னல், நிலநடுக்கம், புயல், வெள்ளம் எனப் பட்டியலிட்ட இடர்களுக்கே இழப்பீடு அளிப்பது. பெருச்சாளி தோண்டுவது அப்பட்டியலில் இல்லை. வீட்டுக் கடன் பெற்றவர், அடமானமாக உள்ள கட்டடத்தை நல்ல நிலையில் பராமரிப்பதாக ஒப்புக்கொண்டிருப்பார் என்பதையும் நினைவில் கொள்வது நலம். அமிழும் தளத்தை இன்று பழுது பார்ப்பதே சிக்கனம்.

பத்திரங்களையும் பணத்தையும் மரப்பெட்டியில் வைப்பதைத் தவிருங்கள். ஒருவேளை நோட்டுகள் கடிபட்டால் எறிந்துவிட வேண்டாம். ரிசர்வ் வங்கியின் நோட்டுத் திருப்ப விதிகளின்படி, 50 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நோட்டில், எஞ்சிய மிகப் பெரிய ஒற்றைத் துண்டு 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழு மதிப்பும், 40 முதல் 80 சதவீதம் வரை இருந்தால் பாதி மதிப்பும் கிடைக்கும். துண்டுகளை ஒட்டாமல் அப்படியே வங்கிக் கிளைக்குக் கொண்டுவாருங்கள்.

ஐதராபாத் வீட்டில் பின்னர் நிகழ்ந்ததையும் கூறிவிடுவோம். கூண்டில் ஒரு வாரத்துக்குள் இரண்டு பெருச்சாளிகள் அகப்பட்டன. ஒரு கொத்தனார் ஒரே நாளில் குழாய் இடைவெளியையும் வளைகளையும் பூசி முடித்தார். உதிர்ந்த கொய்யாவை மாலைதோறும் பொறுக்கும் பொறுப்பைக் குழந்தைகள் ஏற்றுக்கொண்டனர். மாறுதல் வந்து வீட்டைக் காலி செய்யும்வரை அப்பக்கம் புது மண் காணப்படவில்லை. சாவியை ஒப்படைத்தபோது, அடுத்து வருபவரிடம் கொய்யாவைப் பற்றிச் சொல்லிவிடுமாறு அம்மையாரிடம் கேட்டுக்கொண்டோம்.