ஓட்டுப் பறித்த ஒன்பது குற்றங்கள்

1962-ஆம் வருஷம் ஆகஸ்டு 31-ந் தேதி. அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள மிஸிஸிபி ராஜ்யத்தில், ரூல்வில் என்ற சிற்றூரிலிருந்து ஒரு பஸ் புறப்பட்டது. அதில் 18 பேர் இருந்தார்கள். அத்தனை பேரும் கறுப்பர்கள். 26 மைல் தொலைவில் உள்ள இண்டியனோலா நகரத்துக்கு அவர்கள் பயணமானார்கள். எதற்கு? கலகம் செய்யவா? இல்லை. வாக்காளர் பட்டியலில் தங்கள் பெயரைப் பதிவு செய்துகொள்ள!

அவர்களில் ஒருவர் ஃபானி லூ ஹேமர் என்ற அம்மாள். வயது 44. இருபது குழந்தைகள் பிறந்த ஏழைக் குடும்பத்தில் கடைக்குட்டி. ஒரு வெள்ளை முதலாளியின் பருத்திப் பண்ணையில் 18 வருஷங்கள் உழைத்தவர். பதிவு ஆபீசில் அவரிடம் ராஜ்யத்தின் அரசியல் சட்டத்திலிருந்து ஒரு பிரிவை நீட்டினார்கள். அதைப் பார்த்து எழுத வேண்டும். பிறகு அதற்குப் பொருளும் சொல்ல வேண்டும். படித்த வக்கீல்களே யோசித்துப் பதில் சொல்லக்கூடிய பிரிவு அது. அம்மாள் எழுதிவிட்டார், பொருள் சொல்ல முடியவில்லை. பரீட்சையில் தோல்வி!

திரும்பும் வழியில் போலீசார் பஸ்ஸை மறித்தார்கள். பஸ்ஸின் மஞ்சள் நிறம் அளவுக்கு மீறி இருக்கிறதாம்! டிரைவருக்கு அபராதம். அன்று இரவே பண்ணை முதலாளி, மனுவை வாபஸ் வாங்கு, இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய் என்று சொல்லிவிட்டார். அம்மாள் காலி செய்தார். மனுவை வாபஸ் வாங்கவில்லை. 1963 ஜனவரியில் மறுபடியும் பரீட்சை எழுதித் தேறினார். ஆனால் ஓட்டுப் போடப் போனபோது, தலைவரி கட்டிய ரசீதுகள் இரண்டு எங்கே என்று கேட்டார்கள்!

யார் விரித்த வலை இது?

மாநாட்டில் பிறந்த வலை

உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்தபின், 1870-இல் அமெரிக்க அரசியல் சட்டத்தில் பதினைந்தாவது திருத்தம் சேர்ந்தது. இனத்தையோ நிறத்தையோ, முன்பு அடிமையாக இருந்ததையோ காரணம் காட்டி ஒருவருடைய ஓட்டுரிமையைப் பறிக்கக் கூடாது என்பது அதன் சாரம். அதே வருஷம் மிஸிஸிபியிலிருந்து ஹைரம் ரெவல்ஸ் என்ற கறுப்பர் அமெரிக்க செனட் சபைக்குச் சென்றார். அந்தச் சபையில் அமர்ந்த முதல் கறுப்பர் அவர்தான். ராஜ்யத்தின் ஜனங்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அப்போது கறுப்பர்கள். வெள்ளைத் தலைவர்களின் தூக்கம் கெட்டதில் ஆச்சரியம் என்ன?

1890-இல் புதிய அரசியல் சட்டம் எழுத அவர்கள் ஒரு மாநாடு கூட்டினார்கள். பிரதிநிதிகள் 134 பேர். அவர்களில் 133 பேர் வெள்ளையர். கறுப்பருக்கு ஓட்டு இல்லை என்று எழுதினால் பதினைந்தாவது திருத்தம் குறுக்கே நிற்கும். ஆகவே, நிறம் என்ற சொல்லே வராமல் காரியத்தை முடித்தார்கள். தலைக்கு 2 டாலர் வரி என்றார்கள். ஏழைக்கு ஏது 2 டாலர்? அரசியல் சட்டத்தைப் படிக்கத் தெரிய வேண்டும், அல்லது படித்துக் காட்டினால் பொருள் சொல்லத் தெரிய வேண்டும் என்றார்கள். பொருள் சரியா, தப்பா என்று தீர்ப்புச் சொல்பவர் வெள்ளை அதிகாரி. 1954-இல் இந்தப் பரீட்சையை இன்னும் இறுக்கினார்கள்.

மூன்றாவது வலைதான் விசித்திரமானது. சில குற்றங்களுக்குத் தண்டனை பெற்றவன் ஓட்டுரிமையை இழப்பான் என்று ஒரு ஜாபிதா தயாரித்தார்கள். லஞ்சம், கன்னம் வைத்தல், திருட்டு, தீ வைத்தல், ஏமாற்றிப் பணமோ பொருளோ பறித்தல், பொய்ச் சத்தியம், கள்ளக் கையெழுத்து, கையாடல், இருதார மணம் ஆகிய ஒன்பது குற்றங்கள். இதில் கொலை இல்லை! கற்பழிப்பும் இல்லை! கொலைகாரன் ஓட்டுப் போடலாம். திருடியவன் போடக் கூடாது. இது என்ன நியாயம்?

இந்த ரகசியத்தை ராஜ்யத்தின் சுப்ரீம் கோர்ட்டே 1896-இல் அவிழ்த்துவிட்டது. கறுப்பர்கள் எந்தக் குற்றங்களைச் செய்யக்கூடியவர்கள் என்று மாநாட்டார் எண்ணினார்களோ, அவற்றையே பொறுக்கி எடுத்து ஜாபிதா போட்டார்கள் என்று அது ஒளிவு மறைவில்லாமல் எழுதியது. ஆனாலும் 1898-இல் வாஷிங்டன் சுப்ரீம் கோர்ட் இந்த அரசியல் சட்டத்தில் குற்றம் காணவில்லை. எழுத்தில் இன பேதம் இல்லையே என்பது அதன் வாதம்.

போனவை இரண்டு, நின்றது ஒன்று

ஹேமர் அம்மாளைப் போன்றவர்கள் அடியும் உதையும் சிறையும் பட்டுப் போராடியதன் பலன் பின்னால் கிடைத்தது. 1965 ஆகஸ்டு 6-ந் தேதி ஜனாதிபதி ஜான்ஸன் ஓட்டுரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். பரீட்சை ஒழிந்தது. தலைவரியும் 1966-க்குள் எல்லாத் தேர்தல்களிலிருந்தும் ஒழிந்தது. 1964-இல் மிஸிஸிபியின் கறுப்பர்களில் பதிவு பெற்ற வாக்காளர்கள் நூற்றுக்கு 7 பேர்கூட இல்லை. 1967-இல் ஏறத்தாழ 60 பேர்!

இதோடு கதை முடிந்தது என்றுதான் நினைப்போம். முடியவில்லை. மூன்றாவது வலை அப்படியே நின்றுவிட்டது.

1950-இல் ஜாபிதாவிலிருந்து கன்னம் வைத்தலை எடுத்தார்கள். 1968-இல் கொலையையும் கற்பழிப்பையும் சேர்த்தார்கள். மற்ற எட்டுக் குற்றங்களும் 1890-இல் எழுதியபடியே இருக்கின்றன. அவற்றுக்குச் சர்க்கார் சொல்லும் வியாக்கியானத்தினால் மரத் திருட்டும், பெருந்தொகைக்குப் பணமில்லாத செக் கொடுப்பதும்கூட அதில் அடக்கம். தண்டனைக் காலம் முடிந்து வெளியே வந்தாலும் ஓட்டு திரும்புவதில்லை. கவர்னர் மன்னிக்க வேண்டும். அல்லது அந்த ஒரு ஆளுக்காகச் சட்டசபையின் இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டில் தனி மசோதா நிறைவேற்ற வேண்டும். இளமையில் ஒரு மோசடிச் செக் கொடுத்துத் தண்டனை பெற்றவர், பேரன் பேத்தி எடுத்த பிறகும் வாக்குச் சாவடிக்கு வெளியேதான் நிற்க வேண்டும். ஆனால் போதை மருந்து விற்றவனுக்கோ ஓட்டு உண்டு. ஜாபிதாவில் அந்தக் குற்றம் இல்லையே!

இதை எதிர்த்து வழக்குகள் நடந்தன. 2022-இல் மேல் கோர்ட், ஆரம்பத்தில் கெட்ட எண்ணம் இருந்தது உண்மைதான். ஆனால் 1950-லும் 1968-லும் திருத்தியதால் அந்தக் கறை நீங்கிவிட்டது என்று தீர்ப்பளித்தது. 2023-இல் வாஷிங்டன் சுப்ரீம் கோர்ட் அந்த வழக்கை விசாரிக்க மறுத்தது. நீதிபதி கேதன்ஜி பிரவுன் ஜாக்ஸன் அம்மையார் இதற்கு மாறுபட்டு எழுதினார். 2024-இல் ராஜ்யத்தின் கீழ் அவை, தண்டனையை முடித்த பலருக்கு ஓட்டைத் திருப்பித் தரும் மசோதாவை நிறைவேற்றியது. மேல் அவையில் அது மடிந்தது.

காவல் போனபின்

1965-ஆம் வருஷச் சட்டத்தில் நல்ல காவல் ஒன்று இருந்தது. பழைய குற்றமுள்ள ராஜ்யங்கள் தேர்தல் விதியை மாற்றுவதானால், மத்திய சர்க்காரின் அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். 2013 ஜூன் 25-ந் தேதி சுப்ரீம் கோர்ட், எந்த ராஜ்யங்களுக்கு இது பொருந்தும் என்று காட்டும் பிரிவு காலத்துக்கு ஒவ்வாதது என்று தள்ளியது. காவல் செயலற்றுப் போயிற்று. அன்றைய தினமே டெக்ஸாஸ் ராஜ்யம் தன் அடையாளச் சீட்டுச் சட்டம் அமுலுக்கு வரும் என்று அறிவித்தது. துப்பாக்கி லைசென்ஸ் காட்டினால் ஓட்டுப் போடலாம். சர்வகலாசாலை மாணவர் சீட்டு செல்லாது! கறுப்பரையும் ஸ்பானிய வம்சத்தவரையும் இது அதிகம் பாதிக்கிறது என்று 2016-இல் மேல் கோர்ட் கூறியது.

குற்றம் செய்தவனுக்கு ஓட்டு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். நம் நாட்டிலும் சிறைக்குள் இருப்பவர் ஓட்டுப் போட முடியாது. ஆனால் வெளியே வந்தால் போடலாம். அமெரிக்காவிலேயே மெயின், வெர்மான்ட் என்ற இரு ராஜ்யங்கள் சிறையில் இருப்பவருக்கும் ஓட்டுத் தருகின்றன. ஆகவே குற்றவாளியைத் தண்டிக்கலாமா என்பதல்ல இங்கே விவகாரம். இந்தக் குற்றங்களைப் பொறுக்கி எடுத்தவர்கள் யார், எதற்காக எடுத்தார்கள் என்பதுதான் விவகாரம்.

மனமிருந்தால் மாற்றலாம் என்பதற்கும் மிஸிஸிபியே சாட்சி. அதே 1890-இல், ராஜ்யப் பதவிகளுக்குக் கறுப்பர் வரவிடாமல் தடுக்க எழுதிய மற்றொரு தேர்தல் விதியை 2020-இல் ஜனங்களே ஓட்டுப் போட்டு நீக்கினார்கள்.

வயலில் கோரை முளைத்தால் நம் விவசாயி மேலே தெரியும் புல்லை மட்டும் அறுத்துவிட்டு வீட்டுக்குப் போவதில்லை. மண்ணுக்குள் கிழங்கு இருப்பது அவனுக்குத் தெரியும். சட்டத்தில் நிறம் என்ற சொல் இல்லை என்பதால் நிற பேதமும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஒரு சட்டம் யாரைக் குறி வைத்துப் பிறந்தது, இன்று யார் அதில் சிக்குகிறார்கள் என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஹேமர் அம்மாள் 1977-இல் காலமானார். அவரைத் தோற்கடித்த பரீட்சை இன்று இல்லை. அந்தப் பரீட்சையோடு கூடப் பிறந்த ஜாபிதா இன்னும் இருக்கிறது.